கனடாவில் கேரல் பாடப் போன ஷட்டர்காரன்

குரோம்பேட்டையிலிருந்து வண்டலூர் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டில் காலையில் கடை திறக்கிற சத்தத்தைக் கேட்டவர்களுக்கு என்னைத் தெரியும். பெயர் தெரியாமல் இருக்கலாம், சத்தம் தெரியும். அந்த ரோட்டில் ஏறி இறங்குகிற ஷட்டர்களில் பாதி என் பட்டறையில் செய்தது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒரு லேத் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டினேன். வெல்டிங்கைப் பக்கத்தில் நின்று பார்த்தே கற்றுக்கொண்டேன். சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தபோது, இவன் ஒரு மழைக்காலம் தாங்க மாட்டான் என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். தாங்கினேன். வெள்ளத்தில் பட்டறை இடுப்பளவு முழுகியது, மெஷினைக் கழற்றிக் காயவைத்து மறுபடி ஓட்டினேன். சேலையூரில் வீடு கட்டினேன். லாரி வாங்கினேன். எங்கள் சபையின் முன்கேட் என் கையால் அடித்தது, இன்றுவரை அது கிரீச்சிட்டதில்லை. மகள் பியூலாவை இன்ஜினியராக்கிக் கனடாவுக்கு அனுப்பினேன்.

இவ்வளவும் செய்தவனைப் பார்த்து, மூச்சு விடவே தெரியாத ஆள் என்று அந்த ஊர் நர்ஸ் ஒருத்தி சொல்லிவிட்டாள். போன டிசம்பரில் நடந்தது. நான் போய் வந்த கதையை ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

எனக்கு வீசிங் உண்டு. வெல்டிங் புகையும் பெயிண்ட் புகையும் கொடுத்த பரிசு. பியூலாவுக்கோ பிறந்ததிலிருந்தே உண்டு. சின்ன வயதில் அவளுக்கு இழுப்பு வந்தால் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரிப் பக்கம் பறப்பேன். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து முகம் தெளிகிறவரைக்கும் என் கால் தரையில் நிற்காது. அதனால் வீட்டில் சட்டம் போட்டேன். ஐஸ்கிரீம் கிடையாது. ஃபேனுக்கு நேராகப் படுக்கக் கூடாது. மார்கழிப் பனியில் வாசலைத் தாண்டக் கூடாது. முக்கியமாக, கேரல் ரவுண்ட்ஸ் கிடையாது.

கேரல் ரவுண்ட்ஸ் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிசம்பர் வந்தால் எங்கள் பக்கத்துச் சபைகளில் பாட்டுக் குழு லாரி ஏறி ராத்திரி முழுக்க வீடு வீடாகப் போய்ப் பாடும். கிட்டார், டிரம், கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்ட ஒருவர், ஒவ்வொரு வீட்டிலும் கேக், டீ. பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க அதே பேச்சுதான். எங்கள் சபைக்கு லாரி என்னுடையது, ஜெனரேட்டர் என்னுடையது. என் மகள் மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே நிற்பாள். அந்தக் கம்பியும் நான் அடித்ததுதான்.

இப்போது அவள் இருக்கிற ஊரில் தமிழ்ச் சபை ஒன்று இருக்கிறது. நவம்பரில் போன் செய்தாள். "அப்பா, இந்த வருஷம் ரவுண்ட்ஸ நான்தான் லீட் பண்றேன். நீங்க வந்து என்கூட பாடணும். ஒரு தடவையாவது நாம ரெண்டு பேரும் சேர்ந்து போகணும்பா."

இதைவிடப் பெரிய அழைப்பு எனக்கு வந்ததில்லை. முட்டிவலி என்று என் வீட்டுக்காரி வரவில்லை. போகும்போது, "பாடப் போறேன்னு சொல்லிட்டு அங்க போய் ஷட்டர் விக்காதீங்க," என்றாள்.

போய் இறங்கிய அன்றைக்கே கார் பனியில் மாட்டிக்கொண்டது. மாப்பிள்ளை கிங்ஸ்லி சக்கரத்தைச் சுற்றச் சுற்ற அது இன்னும் உள்ளேதான் போனது. நான் இறங்கித் தள்ளலாம் என்று கதவைத் திறந்தேன். அந்தக் காற்று மூக்குக்குள் போனது பாருங்கள், ஊதுலையின் வாயில் முகத்தை வைத்ததுபோல, சுடுகிறதா குளிர்கிறதா என்று தெரியவில்லை. மூக்கு மயிர் விறைத்துக் குத்தியது. ரோட்டில் போன இரண்டு வெள்ளைக்காரப் பையன்கள் கேட்காமலே வந்து தள்ளிவிட்டுப் போனார்கள். நம்மூரில் தள்ளுவார்கள், ஆனால் தள்ளிவிட்டு நின்று அரை மணிநேரம் யோசனை சொல்வார்கள்.

"அப்பா, மூக்கு வழியா மூச்சு விடுங்க. வாயைத் திறக்காதீங்க," என்றாள் பியூலா. காரிலேயே ஒரு கம்பளி மஃப்ளரை என் மூக்கு வாய் இரண்டும் மூடுகிற மாதிரிக் கட்டினாள். காற்று அந்தத் துணிக்குள் புகுந்து சூடாகி உள்ளே போகணுமாம். அவளும் அப்படித்தான் கட்டியிருந்தாள். அவள் முகத்தில் கண்கள் மட்டும் தெரிந்தன, அவை சிரித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் பஸ்ஸில் தமிழ்க் கடைக்குக் கூட்டிப்போனாள். நான் ஏறி இடம் பார்த்து உட்காருகிறவரைக்கும் பஸ் நகரவில்லை. டிரைவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். தாத்தா உட்காரட்டும், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்கிறார், என்று பியூலா சொன்னாள். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகிற பஸ்ஸில் நம்முடைய இரண்டாவது கால் படியில் இருக்கும்போதே பள்ளிக்கரணை வந்துவிடும்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர், பெயர் செல்வம். முருங்கைக்காய், கருவேப்பிலை, நம்மூர்த் தைலம் எல்லாம் வைத்திருந்தார். அவரும் அந்தச் சபைதானாம். ரவுண்ட்ஸுக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"இல்லை அண்ணை. எனக்கும் முட்டு வருத்தம். மார்கழி வந்தால் கடை, வீடு, அவ்வளவுதான்," என்றார். முட்டு என்றால் அவர்கள் பேச்சில் இழுப்பு. பிறகு என் கையில் இருந்த நீலகிரித் தைலத்தைப் பார்த்து, "உதை மணக்காதேங்கோ, நெஞ்சு எரியும்," என்றார். தைலம் விற்கிறவரே தைலம் வேண்டாம் என்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு. வாங்கிக்கொண்டேன். சளியோ இருமலோ, நாற்பது வருஷமாகக் கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டு முகர்ந்தே தொழில் பார்த்தவன் நான்.

வீட்டில் பியூலா எப்படி இருக்கிறாள் என்று கவனித்தேன். காலையில் பல் விளக்குவதற்கு முன் இழுப்பு வராமல் தடுக்கிற பழுப்பு நிற இன்ஹேலரில் ஒரு பஃப், ராத்திரி ஒன்று. இழுப்பு இருக்கிறதோ இல்லையோ, அடித்துவிட்டு வாய் கொப்பளிக்கிறாள். வெளியே போவதற்குக் கொஞ்சம் முன்னால், மூச்சை உடனே திறந்துவிடுகிற நீல பஃப் அடிக்கிறாள், அதை மறக்காமல் உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறாள். குளிர்காலம் தொடங்குவதற்கு முன்பே காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்று. வீட்டில் சாம்பிராணி கிடையாது, ஊதுபத்தி கிடையாது. அந்தக் குளிரில் தினமும் நடந்து வேலைக்குப் போகிறாள். சேலையூரில் மார்கழிப் பனிக்கே நான் போர்த்தி வைத்த பெண்.

"உங்க பழுப்பு பஃப் எங்கப்பா?" என்று கேட்டாள்.

தாம்பரத்தில் டாக்டர் அதைத் தினமும் அடிக்கத்தான் சொன்னார். நன்றாக இருக்கும்போது எதற்கு, பழகிவிட்டால் விடாது என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதனால் நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் எடுத்துவந்தேன். இதை அவளிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. தன்னுடைய டாக்டரிடம் கேட்டு எனக்கும் ஒன்று வாங்கிவந்தாள். ஆனால் அந்த மருந்து உள்ளே பிடிக்க நாள் ஆகுமாம், இன்றைக்கு அடித்து நாளைக்குக் கேட்காதாம். ரவுண்ட்ஸோ அந்தச் சனிக்கிழமை.

சனிக்கிழமை நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. வீடுகள் எல்லாம் தூரம் தூரமாக, வாசலில் வெள்ளை வெள்ளையாகப் பனி. நம்மூர் மாதிரி லாரி இல்லை, ஐந்தாறு கார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி நின்று பாட வேண்டும். பியூலா எனக்கு ஒழுங்காக எல்லாம் செய்தாள். முன்னாடியே பஃப் அடிக்க வைத்தாள், மஃப்ளர் கட்டினாள், பாடும்போதும் அதை இறக்க வேண்டாம், மெதுவாகப் பாடினால் போதும் என்றாள்.

நான் என்ன செய்தேன் என்றால், பாத்ரூமுக்குப் போய் அந்த மஃப்ளரில் தைலத்தை நாலைந்து சொட்டு நன்றாக விட்டேன். பஃப்பைக் கோட்டின் வெளிப்பையில் போட்டேன், எடுக்கச் சுலபமாக இருக்கும் என்று.

முதல் வீட்டில் பாடினோம். பியூலா குழுவுக்கு முன்னால் நின்று கையசைத்தாள். சின்ன வயதில் ஜன்னலில் நின்று கொண்டே எல்லாப் பாட்டையும் மனப்பாடம் செய்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு வார்த்தைக்குக்கூடப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கர்வம் பொங்கியது. அதோடு தைலம் நெஞ்சுக்குள் எரியவும் தொடங்கியது.

இரண்டாவது வீட்டில் எரிச்சல் தாங்கவில்லை. மஃப்ளரைக் கழற்றினேன். கழற்றியதும், மகள் பாடுகிறாளே என்ற உற்சாகத்தில், வாயை நன்றாகத் திறந்து அடிவயிற்றிலிருந்து பாட்டை ஓங்கி எடுத்தேன். அதோடு சரி. நெஞ்சுக்கு யாரோ ஷட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டமாதிரி ஆகிவிட்டது. பஃப்பை எடுத்து அழுத்தினேன். புஸ்ஸென்று கொஞ்சம் வந்தது, மருந்து வரவில்லை. வெளிப்பையிலேயே கிடந்ததால் டப்பா ஐஸாகியிருந்தது. பியூலா பாட்டைப் பாதியில் விட்டு ஓடிவந்தாள். உள்சட்டையிலிருந்து தன் பஃப்பை எடுத்து, நீளமான ஒரு குழாயில் பொருத்தி என் வாயில் வைத்து, "மெதுவாப்பா, மெதுவா, எண்ணிக்கிட்டே விடுங்க," என்று கூடவே எண்ணினாள். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துப் போவேனே, அதே பெண்.

ரவுண்ட்ஸ் அங்கேயே நின்றது. கார்கள் எல்லாம் ஆஸ்பத்திரி வரைக்கும் பின்னாலேயே வந்தன. அங்கேதான் அந்த நர்ஸ். என் மஃப்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு பியூலாவிடம் நிறையப் பேசினாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"உங்களுக்கு மூச்சு விடவே தெரியலையாம்பா. தெரிஞ்ச எல்லாத்தையும் தப்பா கத்துக்கிட்டிருக்கீங்களாம்," என்றாள் பியூலா. கொஞ்சம் நிறுத்தி, "எனக்கு யார் சொல்லிக் குடுத்தாங்கன்னும் கேட்டாங்க," என்றாள். அதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பயமில்லை என்று அன்றே அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஒரு வாரம் வீட்டில் அடைந்து கிடந்தேன். சூப், ரொட்டி, சூப். ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பார்ப்பேன். சின்னப் பெண்கள் அதில் உருண்டு விளையாடுவார்கள். உள்ளே நிற்பது எவ்வளவு நீளமானது என்று எனக்கு அந்த வாரம்தான் தெரிந்தது. அவள் எத்தனை டிசம்பர் நின்றிருக்கிறாள். நான் கெட்ட எண்ணத்தில் செய்தேனா? எந்தத் தகப்பனும் அதைத்தானே செய்திருப்பான்? டாக்டரும் குளிர் ஆகாது என்றார், அக்கம் பக்கமும் அதையே சொன்னது. ஆனால் லாரி என்னுடையது. கேபினில் டிரைவர் பக்கத்தில் இடம் இருந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, மூக்கை மூடிக்கட்டி, பஃப்பை முன்னாடியே அடித்து, அவளை அதில் உட்கார வைத்திருக்கலாம். இவ்வளவுதான் வேலை. அது எனக்குத் தோன்றவே இல்லை. எத்தனையோ கடைக்கு விடிய விடிய யோசித்து ஷட்டர் போட்டுக் கொடுத்தவனுக்கு அது தோன்றவில்லை.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மாப்பிள்ளையின் கார் ஷெட்டைப் பார்க்கப் போனேன். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் கார் ஷெட் உண்டு, மேலே ஏறிக் கூரைக்கடியில் படுத்துக்கொள்கிற கதவு அதற்கு. ஸ்பிரிங் கொஞ்சம் தளர்ந்திருந்தது, சொன்னேன். கதவைப் பாதி ஏற்றி உள்ளே நின்றேன். வாசல் முழுக்கத் தெரிகிறது, ஆனால் காற்று முகத்தில் அடிக்கவில்லை. கை தட்டினேன். சத்தம் சுவரில் பட்டு நன்றாக நிறைந்து வெளியே போனது.

ராத்திரிச் சாப்பாட்டில் பியூலா, அடுத்த சனிக்கிழமை விட்டுப்போன வீடுகளுக்குப் போகிறோம், நீங்க வரீங்களா என்று கேட்டாள். மாப்பிள்ளை, "அப்பா வேணாம் பியூலா, ரிஸ்க்," என்றார்.

அவள் தட்டிலிருந்து கையை எடுத்தாள். "நான் அப்பாவை உள்ள வெச்சுப் பூட்ட மாட்டேங்க. உள்ள நிக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அவள் என்னைக் குத்துவதற்குச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு வலித்தது.

அப்போதுதான் சொன்னேன். "ஏம்மா, எல்லார் வீட்லயும் கார் ஷெட் கீது இல்ல? வண்டிய முன்னாடியே வெளிய எடுத்துட்டு, இஞ்சின நிறுத்திட்டு, கதவ முக்கால்வாசி ஏத்தி வெச்சிக்கினு உள்ள நின்னு பாடுனா இன்னா? காத்து அடிக்காது. வூட்டுக்காரங்க வாசல்ல நின்னு கேக்கட்டும்."

மாப்பிள்ளை சிரித்தார். பியூலா சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஷெட்டின் கதவை ஏற்றி, நின்று, ஒரு வரி பாடிப் பார்த்தாள். திரும்பி வந்து போனை எடுத்தாள்.

அந்தச் சனிக்கிழமை பாடினோம். கேள்விப்பட்டு, ரவுண்ட்ஸுக்கு வராத ஆட்கள் எல்லாம் வந்தார்கள். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து குளிருக்குப் பயந்து உள்ளேயே கிடந்த பெற்றோர்கள் வந்தார்கள். ஒரு கைக்குழந்தை வந்தது. கடைக்காரர் செல்வம் வந்தார். மஃப்ளருக்குள்ளிருந்து அவர் குரல் இடி மாதிரி வந்தது.

"அண்ணை, பத்து வருசத்துக்குப் பிறகு பாடுறன்," என்றார். "தைலம் போடேல்லைத்தானே?"

தைலம் போடவில்லை. பஃப் என் உள்சட்டைப் பையில் இருந்தது, அதன் சூடு நெஞ்சில் தெரிந்தது. மூக்கு வழியாக மூச்சை இழுத்து, மஃப்ளருக்குள்ளேயே மெதுவாகப் பாடினேன். பியூலா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். என் குரல் வெளியே யாருக்கும் கேட்டிருக்காது. அவளுக்குக் கேட்டது.

நான் ஊர் திரும்பினேன். சானடோரியம் டாக்டரைப் பார்த்தேன், பழுப்பு பஃப்பை இப்போது ஒருநாளும் விடுவதில்லை. போகிப் பண்டிகையன்று தாம்பரம் முழுக்க டயர் புகை எழுந்தபோது ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருந்தேன், முந்தின ராத்திரியே பஃப்பைப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டேன். இந்த வருஷ ரவுண்ட்ஸில் எங்கள் சபையில் இழுப்பு இருக்கிற பிள்ளைகளை லாரி கேபினில் உட்கார வைக்க வேண்டும் என்று கமிட்டியில் பேசிவிட்டேன். கேட்டுக்கொண்டார்கள். பியூலா அந்த வயதில் இருந்தபோது இதைக் கேட்க ஒரு ஆள் இல்லையே, பேசவும் ஒரு ஆள் இல்லையே என்று ராத்திரியில் தோன்றும்.

போன வாரம் அந்தச் சபையின் செய்தி இதழை பியூலா போனில் அனுப்பினாள். ஆங்கிலத்தில் இருந்ததை அவளே மொழிபெயர்த்துப் படித்தாள். போன கிறிஸ்துமஸுக்குச் சபையின் இளைஞர் குழுவான வாலிபர் ஐக்கியம் 'கார் ஷெட் கேரல்' என்ற புது முறையை அறிமுகப்படுத்தியதாம். மூச்சுக் கோளாறு உள்ளவர்களும் கலந்துகொள்ள முடிந்ததாம். வருகிற டிசம்பரில் பக்கத்து ஊர்ச் சபைகளும் இதைச் செய்யப் போகின்றனவாம். வாலிபர் ஐக்கியத்துக்கு நன்றி, கிட்டார் வாசித்தவருக்கு நன்றி, கேக் கொடுத்தவர்களுக்கு நன்றி. ஷெட்டுக் கதவை ஏற்றிக் கொடுத்த ரிமோட்டுக்கு மட்டும்தான் நன்றி சொல்லவில்லை.

"இது உங்க யோசனைன்னு நான் அவங்ககிட்ட சொன்னேன்பா, மறந்துட்டாங்க. விடுங்க," என்றாள்.

விட மாட்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த ஷட்டரிலும் என் பெயர் இல்லை, அதற்காக நான் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. ஆனால் இதற்குப் போடுவேன். அந்தச் சபையின் செயலாளருக்கு இதன் மூலம் சொல்கிறேன். குளிரில் நெஞ்சு இழுக்கிறவர்களும் பாடலாம் என்று ஷெட்டுக் கதவைத் திறக்கச் சொன்னது வாலிபர் ஐக்கியம் அல்ல, நான். அடுத்த இதழில் அதைத் திருத்திப் போட வேண்டும். என் பெயர் நீளம், இடம் பற்றாது என்றால் பெயர் வேண்டாம். தாம்பரத்திலிருந்து வந்த பியூலாவின் அப்பா என்று போடுங்கள். ஆனால் போட்டே ஆக வேண்டும்.